சேர்வராயன் மலையிலிருந்து வந்த 78 வயதுப் பெண்ணின் முற்றிய கணையப் புற்றுநோய்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஏப்ரல் மாதக் கடைசியில், ஏற்காட்டைத் தாண்டியுள்ள ஒரு மலைக் கிராமத்திலிருந்து 78 வயதுப் பெண் ஒருவரை அவருடைய மகனும் மருமகளும் சேலத்தில் எங்கள் புற்றுநோய்ப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். இரண்டு மாதமாகக் கண்ணும் தோலும் மஞ்சளாகி, இரவில் உறங்கவிடாத அரிப்பும், மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை ஊடுருவும் வலியும் அவருக்கு இருந்தன. அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தும் கவாத்து செய்தும் உழைத்தவர். புகைப் பழக்கமோ மதுப் பழக்கமோ இல்லை. வெற்றிலை மட்டும் உண்டு. அடையாளம் தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவத்தைப் பொறுத்தவரை எதையும் மாற்றவில்லை.

காமாலை கண்ட முதல் மூன்று வாரம் வீட்டில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். மலையில் காமாலை என்றால் முதல் வைத்தியம் அதுதான் என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நான் குறை காண்பது அதற்கு முந்தைய எட்டு மாதங்களில். அப்போது அவருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டு, கிளிமிபிரைடு மாத்திரை தொடங்கப்பட்டது. குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை, அவர் பருமனானவரும் இல்லை, அதோடு மாத்திரை தொடங்கிய பிறகும் எடை குறைந்துகொண்டே போனது. 52 கிலோவாக இருந்தவர் எங்களிடம் வந்தபோது 43 கிலோ. ஐம்பது வயதைக் கடந்து புதிதாகச் சர்க்கரை வருகிறவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்றுநோய் வெளிப்படுகிறது என்று 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேயோ மருத்துவமனைக் குழு காட்டியது. நூற்றில் ஒருவருக்காக எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்க முடியாது என்பது சரிதான். ஆனால் ஒல்லியான முதியவர் ஒருவர் சர்க்கரை வந்த கையோடு மேலும் இளைக்கிறார் என்றால் அவர் அந்த நூற்றில் ஒருவராக இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

பரிசோதனையும் நோய் உறுதியும்

அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, மடித்த கம்பளியை முழங்கால்மேல் வைத்து அதன்மேல் குனிந்து கிடந்தார். வீட்டில் ஒரு மாதமாக இப்படித்தான் உறங்குகிறார் என்று மருமகள் சொன்னார். முன்னால் குனிந்தால் தணிகிற முதுகு வலி, கணையத்துக்குப் பின்னால் உள்ள நரம்புப் பின்னலை நோய் தொட்டுவிட்டது என்பதற்கு ஸ்கேனுக்கு முன்பே கிடைக்கும் சாட்சி. வலது விலா ஓரத்துக்குக் கீழே பித்தப்பை வலியின்றி, எலுமிச்சை அளவில் கைக்குத் தட்டுப்பட்டது. காமாலையோடு வலியற்ற பித்தப்பை வீக்கமும் சேர்ந்தால் அடைப்புக்குக் கல் காரணமாக இருப்பது அரிது என்ற குர்வாய்சியேவின் 1890ஆம் ஆண்டுக் கணிப்பு இன்றும் பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

காமாலையின் அளவைச் சொல்லும் பிலிருபின் 14.2 மி.கி., ஆல்புமின் 3.0 கிராம், ஹீமோகுளோபின் 9.8 கிராம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் 0.9 மி.கி. என்று இருந்தன. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது பின்னால் எங்களைத் தண்டித்தது. கணையப் புற்றுநோயில் இரத்தத்தில் உயரும் குறியீடான சி.ஏ. 19-9 அளவு 2,150. இயல்பு வரம்பு 37. பித்த அடைப்பு மட்டுமே இந்த எண்ணைப் பல மடங்கு ஏற்றிவிடும் என்பதால், அடைப்பு நீங்கிய பிறகு எடுத்த 1,380 என்ற அளவையே தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டோம். சி.டி. ஸ்கேனில் கணையத் தலையில் 3.8 செ.மீ. கட்டி இருந்தது, அது சிறுகுடலுக்குச் செல்லும் முக்கியத் தமனியைப் பாதிச் சுற்றுக்கு மேல் வளைத்திருந்தது, கல்லீரலில் மூன்று சிறு படிவுகள் தெரிந்தன. நான்காம் நிலை. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை.

ஒரே மயக்கத்தில் இரண்டு வேலைகளை முடித்தோம்: என்டோஸ்கோபி வழி அல்ட்ராசவுண்டில் ஊசி செலுத்திப் பயாப்சி, அதைத் தொடர்ந்து ஈ.ஆர்.சி.பி. மூலம், அதாவது வாய்வழி என்டோஸ்கோப் செலுத்தி, பித்தநாள அடைப்பைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் குழாய். முதியவரை இரண்டு முறை மயக்கத்துக்கு உட்படுத்துவதைத் தவிர்க்க முடியுமானால் தவிர்த்துவிட வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டென்டா உலோக ஸ்டென்டா என்ற கேள்வி எழுந்தபோது, விலையைக் கேட்ட மகன் சற்றுத் தயங்கினார். பிளாஸ்டிக் குழாய் பெரும்பாலும் மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் குளிர்க்காய்ச்சல் வரும். நள்ளிரவில் குளிர்க்காய்ச்சல் கண்ட 78 வயதுப் பெண்ணை, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து முப்பது கிலோமீட்டர் கீழே இறக்கி வருவதற்குள் கிருமி இரத்தத்தில் பரவிவிடக்கூடும். சேலம் நகருக்குள் வசிப்பவருக்கு இது விலையைப் பற்றிய கேள்வி. மலையில் வசிப்பவருக்குத் தொலைவைப் பற்றிய கேள்வி. 10 மி.மீ. விட்டமுள்ள உலோக ஸ்டென்டையே வைத்தோம். நான்காம் நாள் இரவு அவர் சொறியாமல் உறங்கினார்.

பயாப்சி முடிவு, எதிர்பார்த்தபடியே, கணைய நாள அடினோகார்சினோமா.

நாங்கள் செய்த தவறு

வலிக்கு மார்ஃபின் 10 மி.கி. மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பிரிவின் வழக்கப்படி எழுதினோம். மூன்றாம் நாள் காலையில் மருமகள் வந்து, "அத்தை விடியக்காலம் பூரா காப்பி பறிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க சார்" என்றார். போய்ப் பார்த்தால் கண்களை அரைகுறையாக மூடியபடி, எதிரே செடி நிற்பதுபோலக் காற்றில் விரல்களை நீட்டி நீட்டி எதையோ கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே தோள்கள் துடித்தன. காலமாகிவிட்ட கணவரோடு பேச்சு வேறு. உடன் இருந்த பயிற்சி மருத்துவர் மூளைக்கு ஸ்கேன் எடுக்கலாமா என்றார்.

தேவைப்பட்டது ஸ்கேன் அல்ல, ஒரு கணக்கு. கிரியாட்டினின் 0.9 என்பது ஆய்வகத் தாளில் இயல்பான எண்தான்; ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, இவர் உடலிலோ தசையே இல்லை. வயது, எடை, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்துக் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 35 மி.லி. மட்டுமே. மார்ஃபின் கல்லீரலில் உருமாறிய பிறகு உண்டாகும் கழிவுப் பொருள்கள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியேறாமல் தேங்கினால் உறக்கமும் குழப்பமும் தசைத் துடிப்பும் வரும். இதை நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லிக்கொடுத்தும் எழுதும்போது கை பழைய வழக்கத்தில் ஓடிவிட்டது. ஒரு நாள் மாத்திரையை நிறுத்தி, நீர் ஏற்றி, பிறகு அரை மாத்திரையாக எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினோம். இரண்டு நாளில் தெளிந்தார். மலச்சிக்கலுக்கான மருந்தை முதல் வேளை மார்ஃபினோடே தொடங்கியிருந்தோம், அந்த ஒன்றிலாவது தவறவில்லை.

மே மாத நடுவில் வயிற்று நரம்புப் பின்னலில் ஆல்கஹால் செலுத்தி வலியை மறக்கச் செய்யும் சிகிச்சை நடந்தது. இரண்டு நாள் வயிற்றுப்போக்கும், எழுந்தால் தலைச்சுற்றலும் இருந்தன. அதன்பிறகு இரவில் அரை மாத்திரை போதுமானதாயிற்று. கம்பளியில் குனியாமல், ஒருக்களித்துப் படுத்து உறங்கினார். பார்வைக்கு வந்த மகள் அதைப் பார்த்துவிட்டு அழுதார்.

அவர் கேட்டது

மகன் முதல் நாளே என்னை வராந்தாவுக்கு அழைத்து, "அம்மாகிட்ட மட்டும் அந்தப் பேரச் சொல்லிராதீங்க சார், அப்பறம் சோறே திங்காது" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்படிக் கேட்காத குடும்பத்தை இந்த ஊரில் நான் கண்டது மிகக் குறைவு. அந்த வேண்டுகோளை நான் மறுப்பதும் இல்லை, அப்படியே ஏற்பதும் இல்லை. அவராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொல்லிவைப்பேன். குழப்பம் தெளிந்த ஒரு மாலையில், மகனும் அருகில் இருக்கும்போதே அவர் கேட்டார்: "இது சாதாக் காமாலை இல்லன்னு எனக்குத் தெரியும் கண்ணு. காப்பி எடுக்கற வரைக்கும் எந்திரிச்சு நடமாடுவனா, அத மட்டும் சொல்லு."

சேர்வராயனில் அராபிகா பழம் பறிப்பது நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும். அதாவது இந்தப் பெண் எங்களிடம் கேட்டது ஏழு முதல் ஒன்பது மாதம், அதுவும் காலூன்றி நிற்கும் மாதங்கள். மருந்து கொடுத்தால் அதற்கு வாய்ப்பு இருக்கிறது, உறுதி கிடையாது, மருந்தே உங்களைப் படுக்க வைத்துவிடவும் கூடும், அப்படித் தெரிந்தால் நிறுத்திவிடுவோம் என்று சொன்னேன். மேலும் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்: ஆசுபத்திரியில் இரவு தங்கமாட்டேன், மருமகள் எனக்குக் கால் கழுவிவிடும்படி ஆக்கிவிடாதே. இந்த மூன்றையும் நோயாளித் தாளின் முதல் பக்கத்தில், கட்டியின் அளவுக்கு மேலே எழுதினேன். அவர் நோயின் பெயரைக் கேட்கவே இல்லை. மகனும் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதுமை மதிப்பீடும் மருந்துத் தேர்வும்

ஸ்டென்ட் வைத்து ஐந்து வாரத்தில் பிலிருபின் 1.3க்கு இறங்கியது. அதற்கு முன் கீமோ மருந்து தொடங்க எங்களுக்கு உரிமையில்லை. குறிப்பாக நாப்-பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்து கல்லீரல் வழியே வெளியேறுவதால் காமாலை இருக்கும்போது அதைக் கொடுப்பது ஆபத்து. காத்திருந்த நாட்களில் முதுமை மதிப்பீட்டை முறையாகச் செய்தோம். ஜி-8 வினாத்தாளில் 17க்கு 10 பெற்றார். 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் முழு மதிப்பீடு தேவை. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி உட்கார 17 விநாடி ஆனது. நினைவாற்றலைச் சோதிக்க வழக்கமாகக் கடிகாரம் வரையச் சொல்வோம். பள்ளிக்கூடமே போகாதவரிடம் அதைக் கொடுத்துவிட்டு அவருக்கு மறதி நோய் என்று எழுதுவது அநியாயம். அதற்குப் பதிலாக, நாளொன்றுக்கு இத்தனை கிலோ பறித்தால் வாரக் கூலி என்ன என்று கேட்டேன். நான் காகிதத்தில் பெருக்கி முடிப்பதற்குள் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தாயா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

வயதானவர்களுக்கு இத்தகைய மதிப்பீட்டைச் செய்து, அதன் பரிந்துரைகளை மருத்துவரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2021இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு ஒன்று 70 வயதைத் தாண்டிய 718 பேரிடம் பார்த்தது. கடுமையான பக்கவிளைவு 71 விழுக்காட்டிலிருந்து 51 விழுக்காடாகக் குறைந்தது. ஆறு மாத உயிர்வாழ்வில் இழப்பு ஏதுமில்லை. மதிப்பீட்டைப் பெற்ற மருத்துவர்கள் தொடக்கத்திலேயே அளவைக் குறைத்துக் கொடுத்தது அதிகம்.

எங்கள்முன் மூன்று வழிகள் இருந்தன. ஃபால்ஃபிரினாக்ஸ் என்ற நான்கு மருந்துக் கூட்டு, 2011ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வில் இடைநிலை உயிர்வாழ்வை, அதாவது பாதிப் பேர் தாண்டும் காலத்தை, 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமாக உயர்த்தியது. ஆனால் அந்த ஆய்வு 75 வயதைத் தாண்டியவர்களையும் நடமாட்டம் குறைந்தவர்களையும் சேர்க்கவே இல்லை. அந்த 11.1ஐக் காட்டி இவருக்கு நம்பிக்கை தருவது, பந்தயக் குதிரையின் வேகத்தை வண்டி மாட்டிடம் எதிர்பார்ப்பதற்குச் சமம். அடுத்தது ஜெம்சைட்டபினும் நாப்-பாக்ளிடாக்சலும். 2013இல் வெளியான ஆய்வில் 6.7 மாதம் 8.5 ஆனது, அதிலும் 75 வயதுக்கு மேற்பட்டோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். மூன்றாவது, ஜெம்சைட்டபின் மட்டும். அதற்கு அங்கீகாரம் பெற்றுத்தந்து 1997இல் வெளியான ஆய்வில் உயிர்வாழ்வு 4.41 மாதத்திலிருந்து 5.65 ஆனது என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதில் முக்கியமானது வேறொன்று: வலி, எடை, நடமாட்டம் ஆகியவற்றை வைத்து அளந்த நலம் பழைய மருந்தில் 4.8 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது, ஜெம்சைட்டபினில் 23.8 விழுக்காட்டினருக்கு. இந்த நோயாளி கேட்டதும் அதைத்தான்.

எனவே ஜூன் முதல் வாரத்தில் ஜெம்சைட்டபினை மட்டும், சதுர மீட்டருக்கு 800 மி.கி. வீதம், வாரந்தோறும் அல்லாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடங்கினோம். 1.33 சதுர மீட்டர் உடலுக்கு அது ஏறத்தாழ 1,060 மி.கி. இரண்டு முறை தாங்கியபின் நாப்-பாக்ளிடாக்சலை 100 மி.கி. வீதம் சேர்த்தோம். இரண்டு வார இடைவெளிக்கு இரத்த அணுக்கள் மட்டும் காரணம் அல்ல. காலைப் பேருந்தில் இறங்கி, மருந்து ஏற்றி, மாலைப் பேருந்தில் ஏறி, நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குக் கற்பாதையில் நடப்பது அவருக்கு இன்னொரு மருந்தளவுக்குச் சமமான களைப்பு. செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை பெருமளவு ஏற்றது. காய்ச்சல்மானியைப் பார்க்க ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்திக்குக் கற்றுக்கொடுத்தோம், 100.4ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும் என்பது அவள் பொறுப்பு.

சாப்பாடு

காமாலை போயும், வலி தணிந்தும் ஜூன் மாதம் முழுக்க எடை ஏறவில்லை. மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்தது. செரிமான நொதிக்காகப் பான்கிரியாட்டின் 25,000 அலகுக் காப்சூலை எழுதிக்கொடுத்திருந்தோம். அவரும் தவறாமல் விழுங்கிவந்தார். எப்போது என்று கேட்டபோதுதான் தெரிந்தது: காலையில் வெறும் வயிற்றில், மற்ற மாத்திரைகளோடு. அவர் முதல் சாப்பாடாகக் களி தின்பது பதினொரு மணிக்கு. உணவோடு கலந்து குடலுக்குப் போக வேண்டிய நொதி, உணவு வருவதற்கு நான்கு மணி நேரம் முன்பே போய் வீணாகியிருக்கிறது. முதல் உருண்டையோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று என்று மருமகளுக்கு விளக்கிய பிறகு இரண்டு வாரத்தில் மலம் இறுகியது. இந்த நொதி பன்றியிலிருந்து எடுக்கப்படுவது. அதைச் சொல்லாமல் கொடுப்பது முறையல்ல என்பதால் சொன்னேன். "நாங்க திங்காததா?" என்று சிரித்தார்.

கிளிமிபிரைடை முதல் நாளே நிறுத்தியிருந்தோம்; ஒருவேளை உண்டு ஒருவேளை உண்ணாதவருக்கு அது தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும். சிறிதளவு இன்சுலின் கொடுத்து, சர்க்கரை 200ஐ ஒட்டி இருந்தால் போதும் என்று விட்டோம். பசிக்கு ஓலன்சாபின் 2.5 மி.கி. இரவில் கொடுத்தோம். புதுச்சேரி ஜிப்மரில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், இரைப்பை, கல்லீரல்-கணையம், நுரையீரல் புற்றுநோயாளிகளில் 5 விழுக்காட்டுக்கு மேல் எடை கூடியவர்கள் இம்மருந்தில் 60 விழுக்காடு, வெற்று மாத்திரையில் 9 விழுக்காடு. நம் சோற்றைத் தின்று நம் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களிடம் கிடைத்த எண் என்பதால் எனக்கு அதன்மீது கூடுதல் பிடிப்பு உண்டு. உறக்கமும் விழுகையும் வரலாம், சர்க்கரையும் ஏறலாம் என்பதால் முதல் வாரம் தொலைபேசியில் நாள்தோறும் விசாரித்தோம். ஆகஸ்டில் 46 கிலோ.

தொடர் சிகிச்சை

ஒருமுறை வெள்ளணுக்கள் குறைந்து மருந்து ஒரு வாரம் தள்ளிப்போனதைத் தவிர ஜூலை பெரிய சிக்கலின்றிக் கழிந்தது. ஆகஸ்ட் இறுதியில் எடுத்த சி.டி. ஸ்கேனில் கட்டி வளரவில்லை, சி.ஏ. 19-9 அளவு 540. அதே வருகையில், போகிற போக்கில், "மொறத்துல சாமையப் போட்டுக் கல்லு பொறுக்குனா வெரலுக்குக் கல்லு எது அரிசி எதுன்னு தெரியல" என்றார். எங்கள் வினாத்தாளில் பொத்தான் போட முடிகிறதா என்ற கேள்விதான் இருக்கிறது. சேலை கட்டும் பெண்ணிடம் அதைக் கேட்டு நாங்கள் இரண்டு முறை சிக்கல் இல்லை என்று குறித்திருக்கிறோம். பாதத்தைச் சோதித்தபோது அதிர்வு உணர்வு கணுக்கால்வரை இல்லை. மரத்த காலோடு கற்பாதையில் இறங்குகிறவர் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவர் கேட்ட நடமாட்டம் அன்றோடு முடிந்தது. ஸ்கேன் நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்துவதற்கு மகன் தயங்கினார். எனக்கும் எளிதாக இல்லை. நரம்பை இப்படி மரக்கச் செய்யும் நாப்-பாக்ளிடாக்சலை நான்கு முறையோடு நிறுத்தி, ஜெம்சைட்டபினை மட்டும் இன்னும் நான்கு முறை கொடுத்தோம்.

அக்டோபரில் இடது கால் வீங்கியது. ஆழ்சிரையில் இரத்தக் கட்டு. கணையப் புற்றுநோயில் இது அடிக்கடி வருவது. அப்பிக்சபான் மாத்திரையில் வீக்கம் வடிந்தது. மரபணுப் பரிசோதனையில், பரம்பரையாகப் புற்றுநோய் வரக் காரணமாகும் பி.ஆர்.சி.ஏ. மாற்றம் இல்லை, அதை அவருக்காக என்பதைவிட மகளுக்காகவே செய்தோம்.

நவம்பர் முதல் வாரம் கல்லீரலில் புதிய படிவுகள் தெரிந்தன, சி.ஏ. 19-9 அளவு 2,900. இரண்டாம் கட்டமாக லைப்போசோம் இரினோடிகானும் ஃபுளோரோயூரசிலும் கொடுக்கும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டு ஆய்வில் அது 4.2 மாதத்தை 6.1 ஆக்கியது, அதன் விலையோடு வருவது வயிற்றுப்போக்கு. மருமகள் கால் கழுவிவிடும்படி ஆக்கிவிடாதே என்று அவர் வைத்த நிபந்தனை இதைப் பற்றியதுதான். நோயாளித் தாளின் முதல் பக்கத்தை மகனிடம் காட்டினேன். கீமோவை நிறுத்தினோம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் நோய்த்தணிப்புச் செவிலியர் முறைவைத்து வீட்டுக்கே போய்ப் பார்த்தார். மார்ஃபினை மீண்டும் சிறிது கூட்ட வேண்டியிருந்தது, இம்முறை 35 மி.லி. என்ற எண்ணைச் சீட்டின் தலைப்பிலேயே எழுதி. அவர் பழம் பறிக்கவில்லை. ஆனால் டிசம்பர் முழுவதும் களத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, காயும் காப்பிப் பழத்தை நீண்ட கழியால் கிளறிக்கொண்டும், பறிக்க வந்த பெண்களின் கூலிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டும் இருந்ததாகச் செவிலியரின் குறிப்பில் உள்ளது. கொல்லைக்கு ஜனவரி இரண்டாம் வாரம்வரை தானே போய்வந்தார். கடைசி ஆறு நாள் படுக்கை. வாய்வழி விழுங்க முடியாதபோது தோலடி ஊசி மூலம் மருந்து. பயாப்சி எடுத்து ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்து வீட்டில் காலமானார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகன் கீழே வந்தார். மஞ்சப்பையில் மீதி மார்ஃபின் மாத்திரைகளும், பிரிக்காத நொதிக் காப்சூல் டப்பா ஒன்றும், செய்தித்தாளில் கட்டிய காப்பிக்கொட்டையும் இருந்தன. மாத்திரைகளை எண்ணிப் பதிவேட்டில் வரவு வைத்துக் கையெழுத்து வாங்கினோம்.